பொன் விசை போன இடம்

அத்தியாயம் ஒன்பது: இதில் வரும் துப்பாக்கி கடைசி வரை சுடாது

அந்த வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பெயர்ப்பலகை இருந்தது. பெயர்தான் இல்லை. தேய்த்துத் தேய்த்து எழுத்தெல்லாம் கரைந்துபோய், பலகை மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. வாலு அதில் தன் தலையைச் சீவிக்கொண்டான்.

"அண்ணி, இந்த வீட்டுல யார் இருக்காங்கன்னு பலகையைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டேன்."

"யாரு?"

"நான்."

அண்ணி சிரிக்கவில்லை. சிரிப்பை எல்லாம் மாதக் கடைசிக்குச் சேர்த்து வைக்கிற ரகம் அவர். பன்னிரண்டு வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், 'எரிஞ்சுபோச்சு' என்று அழுதவர்களிடம் 'எரியவில்லை' என்று நிரூபிக்கும் வேலை பார்த்துவிட்டு, அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். அவருடைய கணவர் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் பத்து மாதம் கடல். போகும்போது மனைவியிடம் 'தம்பியைப் பாத்துக்கோ' என்றும், தம்பியிடம் 'அண்ணியைப் பாத்துக்கோ' என்றும் சொல்லிவிட்டுப் போவார். இரண்டு பேரும் தாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம் என்று நம்பினார்கள்.

தம்பிக்கு 'வாலு' என்று பெயர் வைத்ததும் அந்த அண்ணன்தான். இப்போது வாலுவுக்கு வயது முப்பத்தெட்டு. கையிருப்பு: தத்துவத்தில் முதுகலைப் பட்டம் ஒன்று, ராஜினாமாக் கடிதங்கள் ஐந்து. அலுவலகத்தில் உதவியாளன். அதாவது ஸ்கூட்டர் ஓட்டுவான். ஸ்கூட்டருக்கு பிரேக் சுமார். வாய்க்கு அதுவும் கிடையாது.

"போன்ல அந்தம்மா சொன்னதை மறுபடி சொல்லு" என்றார் அண்ணி.

"பேசினது பல் டாக்டரம்மா. வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஜட்ஜ். அவர்கிட்ட நூறு வருஷத்துக்கு முந்தின ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒண்ணு இருக்கு. எண்ணெய் போடக் கடைக்குப் போயிட்டு வந்ததும் அதுல சில உறுப்பு மாறிப்போயிருக்குன்னு ஜட்ஜு சொல்றார். இன்னிக்கு நாலு மணிக்குக் கடைக்காரர் மேல புகார் போகுது. போனா விசாரணை முடியற வரைக்கும் லைசென்ஸ் நிக்கும், கடை மூடணும். முப்பது வருஷக் கடை. அதனால 'அவர் எடுக்கலைன்னு எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க'ன்னாங்க."

"ம். 'யார் எடுத்தாங்கன்னு கண்டுபிடிங்க'ன்னு சொல்லலை."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உனக்கு."

கதவு திறந்தது. டாக்டரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். குருவி உடம்பு, கையில் ஒரு துடைக்கிற துணி. வணக்கம் சொல்ல வாலு பல்லைக் காட்டினான். டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பல்லைத்தான் பார்த்தார். பூனை மீனைப் பார்க்கிற பார்வை. வாலுவுக்கு என்னவோ போலிருந்தது.

வீடு முழுக்க ஒரே மினுக்கல். கதவின் கைப்பிடி, சன்னல் கொக்கி, மின்விசிறியின் நடுக் கிண்ணம் வரை எல்லாம் பளிச். பின்னறை ஒன்றில், சாய்ந்து படுக்கிற பல் ஆஸ்பத்திரி நாற்காலி தன் விளக்கோடும் சுழல் கருவிகளோடும் நின்றது.

"கிளினிக்கை மூடினப்போ விக்க மனசு வரலை" என்றார் டாக்டரம்மா. "மூணு வருஷமாச்சு. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"வாசல் பலகையைப் பாத்தோம்" என்றான் வாலு.

"நல்லா இருக்குல்ல?"

"பேரு மட்டும் கொஞ்சம்…"

அண்ணி அவன் காலை மிதித்தார்.

*

நீதிபதி தீர்ப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புகார் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, உறையில் இருந்தது. ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அவர் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வாசகம்: 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.' அந்தக் கண்ணாடியும் பளிச்.

"உக்காருங்க. என் சம்சாரம் யாரையோ கூப்பிட்டிருக்கேன்னு சொன்னா. விசாரிக்க இதுல ஒண்ணுமில்லை. போகும்போது பொன், வரும்போது வெள்ளை. நடுவுல ஒரே ஆள். முடிஞ்சது."

"தீர்ப்பு முதல்ல வந்துட்டதால விசாரணைக்கு நிறைய நேரம் இருக்கு சார்" என்றான் வாலு.

நீதிபதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவனை முறைத்தார். வலது கண் கொஞ்சம் சிவந்திருந்தது. "திங்கக்கிழமை இந்தக் கண்ணுல புரை எடுத்தாங்க. இடது கண்ணுக்கு அடுத்த மாசம். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குத் துப்பாக்கியை எண்ணெய் போட அனுப்பினேன். வருஷா வருஷம் பழைய துப்பாக்கிக் கண்காட்சிக்கு முன்னாடி அனுப்பறதுதான். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. சனிக்கிழமை என் கட்டைப் பிரிச்சாங்க. பெட்டியைத் திறக்கறேன், பொன்னைக் காணோம்! ஏம்மா, பெட்டியை எடு."

டாக்டரம்மா எடுத்து வைத்தார். வைத்ததும் இரண்டடி தள்ளிப் போய் நின்றார். துப்பாக்கி என்றால் பயம் போலும் என்று வாலு நினைத்துக்கொண்டான்.

மூடி திறந்ததும் நீதிபதியின் குரலே மாறிவிட்டது. குற்றவாளிகளிடம் முப்பது வருடம் பேசிய குரல் அல்ல அது. பெண் பார்க்கப் போன இடத்தில் பேசியிருக்க வேண்டிய குரல்.

"லூகர். சேகரிக்கிறவங்க கையில எடுக்கவே தயங்கற சாமான். கைப்பிடி எப்படிச் சரிஞ்சிருக்கு பாருங்க. விரலை நீட்டிக் காட்டினா கை எந்தச் சாய்வுல நிக்குமோ அதே சாய்வு. நாம குறி பாக்க வேண்டாம், அதுவே பாத்துக்கும். மேல ரெண்டு உருண்டை இருக்கே, அதைப் பின்னால இழுத்தா…"

இழுத்தார். துப்பாக்கியின் முதுகு முழங்கால் மடிகிற மாதிரி மேலெழுந்து மடிந்து, விட்டதும் 'ளிக்' என்று நீட்டிப் படுத்தது. ஒரு சொட்டு ஓசை கூட வீணாகவில்லை.

"இரும்புல முழங்கால்! கைப்பிடியைத் தவிர ஓர் இடத்துல திருகாணி கிடையாது. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, கூட்டுக் குடும்பம் மாதிரி."

"சண்டை வந்தாத் தனித்தனியாப் போயிடுமா சார்?"

"ஒரே ஒரு நெம்பை, இந்தக் குட்டி லீவரைத் திருப்பினாப் போதும், எல்லாம் கையோட வந்துடும்."

"அப்போ கூட்டுக் குடும்பமேதான்."

நீதிபதிக்குச் சிரிப்பு வந்தது. தொழில் பழக்கத்தில் அடக்கிக்கொண்டார். "சுடாது, பயப்படாதீங்க. தோட்டாவைக் குத்தற ஊசியை எடுத்து அரசாங்கத்துகிட்ட குடுத்தாச்சு. இது பாக்கறதுக்கு. தினம் காலைல காபிக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பாப்பேன். உடம்பு கருநீலம். அந்தக் கருநீலத்துல, சுடறதுக்கு விரல் வைக்கிற விசையும், பூட்டு நெம்பும், இன்னும் மூணு சின்ன உறுப்பும் மட்டும் வைக்கோல் நிறத்துல பொன்னா மின்னும். ராத்திரி வானத்துல நாலஞ்சு விளக்கு ஏத்தின மாதிரி. இப்போ பாருங்க!"

பார்த்தார்கள். கருநீல உடம்பில் விசையும் நெம்பும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அழகாகத்தான் இருந்தன. வாலு அதைச் சொல்லவில்லை.

"பொன் உறுப்பை எடுத்து வேற யாருக்கோ குடுத்துட்டு, சாதா இரும்புல செஞ்சு மாட்டியிருக்கான். அதுல என் துப்பாக்கியோட வரிசை எண்ணையும் பொறிச்சிருக்கான், கெட்டிக்காரன். இந்தத் துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆயிரத்துல அடையாளம் சொல்லுவேன். என்னை ஏமாத்தறானாம்."

"வேற ஏதாவது மாறியிருக்கா சார்? வீட்டுல?" என்று கேட்டார் அண்ணி.

கேட்டிருக்கக் கூடாது. நீதிபதி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் பார்த்து யாரோ சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சலவைக்காரன் சட்டைகளுக்குக் கண் கூசுகிற அளவு நீலம் போட்டுவிட்டான். பால்காரன் பாலை மாற்றிவிட்டான். "என்னை இந்த வீட்டுல யாரும் எதுவும் கேக்கறதில்லை" என்று முடித்தார்.

"எல்லாரையும் சேத்து ஒரே புகாராக் குடுத்துடலாம் சார், தபால் செலவு மிச்சம்" என்றான் வாலு.

டாக்டரம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

துப்பாக்கிக் கடை ஒரு நீளமான அறை. ஒரு பக்கம் பூட்டிய இரும்பு அலமாரிகள். மறுபக்கம் மேசை, அதன்மேல் அரங்கள் சிறிதிலிருந்து பெரிதாக, பள்ளிக்கூட வரிசை போல. கடைக்காரர் உயரமான மனிதர். விரல், நகம், காது மடல், மூக்கு நுனி எல்லாம் எண்ணெய்க் கறுப்பு. அண்ணி வந்த விஷயத்தைச் சொன்னதும் மறுப்பார், கோபப்படுவார், குறைந்தபட்சம் ஸ்டூலையாவது தள்ளிவிடுவார் என்று வாலு எதிர்பார்த்தான். மனிதர் ஸ்டூலைத் துடைத்து அண்ணிக்குப் போட்டார்.

"ஐயா கோவமா இருக்கார்னு தெரியும்" என்றார்.

"நீங்க மாத்தலைதானே?"

"அந்தத் துப்பாக்கியில கை வைக்கிற யோக்கியதை எனக்கு இல்லைம்மா. எண்ணெய் போடும்போதே குளிச்சுட்டு வந்து போடறவன் நான்."

வாலு அவர் கையைப் பார்த்தான். குளியல் அன்றைக்கு மட்டும்தான் போலிருந்தது.

"அந்தக் காலத்துல அந்தத் துப்பாக்கியைச் செஞ்சவன் யாருன்னு தெரியாது. பேரு எழுதிட்டுப் போகலை" என்றார் கடைக்காரர். பேச்சில் மெதுவாகச் சூடு ஏறியது. "ஆனா அவசரப்படாத ஆளுன்னு தெரியும். வெளியில தெரியாத இடத்தைக்கூட அரம் போட்ட தடம் இல்லாம இழைச்சிருக்கான். யாருமே பாக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும். அதாம்மா வேலை."

"அந்தப் பொன் நிறம் எப்படி வருது?"

பதிலுக்கு அவர் ஒரு சிறு எஃகுத் துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினார். மூவரும் குனிந்தார்கள். வெள்ளை இரும்பில் மெல்ல ஒரு மஞ்சள் படர்ந்தது. முற்றிய வைக்கோல் போலப் பொன்னானது. எடுப்பார் என்று வாலு நினைத்தான். எடுக்கவில்லை. பொன் பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகிப் போனது.

"ஒரு மூச்சு தாமதிச்சா அவ்வளவுதான். பொன் நிக்கிற நேரம் அவ்வளவு சின்னது. அந்த நேரத்துல எடுத்திருக்கான், ஒவ்வொரு உறுப்பையும், ஒரே நிறத்துல. இது பூச்சு இல்லைம்மா. இரும்போட தோல். வெங்காயத் தோலை விட மெல்லிசு."

"எதுல போகும்?"

நெருப்பை அணைத்தார். "எதுலயும் போகும்" என்றார். ஏற்கெனவே வரிசையாக இருந்த அரங்களை மறுபடி வரிசைப்படுத்தினார்.

"போன வாரம் உங்ககிட்ட வந்தப்போ என்ன நிறத்துல இருந்தது?"

"ஐயா என்ன சொன்னாரோ அதுதான்."

"ஐயா சொல்றதைக் கேட்டா நாளைக்குக் கடை இருக்காது."

"கடை போனா இன்னொரு கடைல வேலை செய்வேன். சில விஷயத்தைச் சொல்றதுக்கு நான் ஆளில்லைம்மா." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் வாலு அசந்துபோனான். கரிக் கிடங்கில் யாரோ ட்யூப் லைட் போட்ட மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய், நடுவில் முப்பத்திரண்டும் முத்து.

"அண்ணே, இந்தப் பல்லை எந்தக் கடைல வாங்கினீங்க?"

"சொந்தப் பல்லுதான் தம்பி. முன்னெல்லாம் சிகரெட்டும் டீயுமா, செங்கல் நிறத்துல இருக்கும். மூணு வருஷமா வருஷத்துக்கு ரெண்டு தடவை சுத்தம் பண்ணிவிடறாங்க. வேண்டாம்னாலும் விடறதில்லை."

"யாரு?"

சிரிப்பு அணைந்தது. "தெரிஞ்சவங்க."

*

ஸ்கூட்டரில் திரும்பும்போது வாலு மூன்று கொள்கைகளை முன்வைத்தான். ஒன்று, கடைக்காரர்தான் திருடன். நல்லவன் மாதிரிப் பேசுகிறவன் எவனும் நல்லவனில்லை. இரண்டு, பால்காரன். துப்பறியும் கதைகளில் சந்தேகம் வராத ஆள்தான் மாட்டுவான். மூன்று, ஜட்ஜே திருடிவிட்டு ஜட்ஜே புகார் கொடுக்கிறார்.

"மூணாவதுல கால்வாசி சரி" என்றது பின் சீட்டு.

வாலு போட்ட பிரேக்கில் ஸ்கூட்டர் அரைத் தெரு தள்ளிப் போய் நின்றது. "எதுல கால்வாசி?"

"ஜட்ஜுங்கறதுல. மணி என்ன?"

"மூணு அஞ்சு."

"ஓட்டு. வாயை இல்ல, வண்டியை."

கதவைத் திறந்த டாக்டரம்மாவிடம் அண்ணி கேட்டது ஒரே கேள்விதான். "இந்தச் சுவருக்கு எப்போ வெள்ளையடிச்சீங்க?"

"ஆறு வருஷம் ஆச்சு. ஏன்?"

"சலவைக்காரர்?"

"அதே ஆள்தான். நீலமெல்லாம் போடறதில்லை." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். முகம் வெளுத்தது. அண்ணி அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நீதிபதி உறையின் ஓரத்தில் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"சார், அஞ்சு நிமிஷம். சாட்சி விசாரிக்கணும்."

"யாரு சாட்சி?"

"மூணு பேரு. முதல் சாட்சி, உங்க கை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அடையாளம் சொல்லுவேன்னீங்களே?"

தற்பெருமைக்குச் சவால் விட்டால் எந்த நீதிபதியும் மறுக்க மாட்டார். வாலு தன் கைக்குட்டையை எடுத்தான். நீதிபதி அதைப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். கட்டினார்கள். துப்பாக்கியைக் கையில் வைத்தார்கள்.

"உடம்பை விடுங்க. விசையை மட்டும் தடவிப் பாருங்க. புது விசை எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

நீதிபதியின் ஆள்காட்டி விரல் விசையின் வளைவில் இறங்கியது. இடது ஓரத்துக்கு வந்தது. நின்றது. மறுபடி தடவியது.

"இங்க… ஒரு சின்ன வடு இருக்கு."

"புதுசுல எப்படி சார் வடு வரும்?"

"இது என் விசையோட வடு. வாங்கின அன்னிக்கே இருந்தது. என் நகம் தினம் போய் நிக்கிற இடம்." கட்டுக்குள்ளே அவர் நெற்றி சுருங்கியது. "இது என் விசை!"

"அப்போ யாரும் எதையும் மாத்தலை."

கட்டைப் பிய்த்து எறிந்தார். "அப்படின்னா பொன் எங்கே? போகும்போது இருந்தது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"அவங்கதான் மத்த ரெண்டு சாட்சியும். சன்னல் பக்கம் வாங்க. துப்பாக்கியை வெளிச்சத்துல பிடிங்க. வலது கண்ணை மூடிக்குங்க, சார். இடது கண்ணால மட்டும் விசையைப் பாருங்க."

பார்த்தார். வாய் திறந்துகொண்டது.

"பொன்!" என்றார், தொலைந்த குழந்தை கிடைத்த குரலில். "பொன்னாத்தான் இருக்கு! வைக்கோல் நிறம்! வந்துடுச்சு!"

"இப்போ இடதை மூடி, வலதைத் திறங்க."

திறந்தார். அந்தக் குழந்தை மறுபடி தொலைந்தது.

"வெள்ளை…"

மறுபடி இடது. மறுபடி வலது. பொன், வெள்ளை, பொன், வெள்ளை. ஒரு மாஜி நீதிபதி சன்னலோரம் நின்று துப்பாக்கியைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தார். தெருவில் போன ஒரு பெண்மணி நடையைத் துரிதப்படுத்தினார்.

"சுவரைப் பாருங்க சார்" என்றார் அண்ணி. "இடது கண்ணுக்குப் பழைய சுவர். வலது கண்ணுக்குப் புதுசா வெள்ளையடிச்ச சுவர். சட்டையும் அப்படித்தான். பாலும் அப்படித்தான். புரை விழுந்த கண்ணு கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாகும். தினம் துளித்துளியா ஆகறதால தெரியாது. ஒரு கண்ணுல திங்கக்கிழமை திரையை எடுத்துட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது."

வாலு சட்டத்துக்குள் இருந்த வாசகத்தைச் சுட்டினான். "பளிச்சுன்னு துடைச்சு வேற வெச்சிருக்காங்க சார், படிக்கத்தான் ஆளில்லை."

நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு சாட்சி பொன்னுன்னு சொல்றார். ஒரு சாட்சி வெள்ளைங்கறார்" என்றார் அண்ணி. "சாட்சிகள் முரண்பட்டா அதோட பலன் யாருக்கு சார்?"

"…குற்றம் சாட்டப்பட்டவருக்கு" என்றார் நீதிபதி. புகாரை உறையோடு நாலாகக் கிழித்தார். பசை தடவிய துண்டு விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதை உதறிக்கொண்டே நிமிர்ந்தார். "இரும்மா. வலது கண்ணு உண்மை சொல்லுதுன்னா, விசை வெள்ளைதானே? நான் வாங்கினப்போ புரையும் இல்லை, ஒண்ணும் இல்லை. அப்போ பொன்னு இருந்தது நிஜம். அது எப்போ போச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அறையில் வேறொருவர் இருந்தார். அவர் கையிலிருந்த துணி தரையில் விழுந்தது.

"மூணு வருஷம் ஆச்சு" என்றார் டாக்டரம்மா.

பின்னறை நாற்காலி வாலுவின் கண்முன் வந்து நின்றது. சுழல் கருவிகள். முத்துப் பல்.

"நீங்க ரிட்டயர் ஆன அன்னிக்கு. உங்களுக்கு எல்லாரும் மாலையும் சால்வையுமாப் போட்டாங்க. நான் ஏதாவது பெருசாச் செய்யணும்னு நினைச்சேன். உங்களுக்கு எது உசிருன்னு பாத்தேன். பெட்டியைத் திறந்தா, அங்கங்க மஞ்சளா இருந்தது. முப்பது வருஷமா மஞ்சளைக் கண்டா எடுத்துத்தானே எனக்குப் பழக்கம்? கறைன்னு நினைச்சேன். நாற்காலி விளக்கைப் போட்டு, பல்லுக்குப் போடற பொடியைப் போட்டு, ஒவ்வொண்ணா ரெண்டு மணி நேரம் தேய்ச்சேன். அவ்வளவு அழகா வந்தது."

"துப்பாக்கிக்குப் பல் தேய்ச்சு விட்டிருக்கீங்க" என்றான் வாலு, தன்னை மறந்து.

"சாயங்காலம் நீங்க வந்து திறந்தீங்க. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தீங்க. 'ஆஹா, பொன்னு மாதிரி ஜொலிக்குது'ன்னீங்க. பாராட்டறீங்கன்னு நினைச்சேன். அந்த வருஷம் கடைக்கு அனுப்பினப்போதான் கடைக்காரர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, நான் என்ன பண்ணினேன்னு சொன்னார். அழுதேன். திரும்பப் போட முடியுமான்னு கேட்டேன். போட்டா அது போலின்னார். சொல்லிடலாம்னுதான் வந்தேன். நீங்க காலைல காபிக்கு முன்னாடி உக்காந்து அதைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. பொன்னு தெரியுது உங்களுக்கு. நான் என்னத்தைச் சொல்ல?"

"அதனால கடைக்காரர் வாயை மூட…" என்று ஆரம்பித்தார் நீதிபதி.

"மூடலை. திறந்தேன். வேற என்ன குடுக்கத் தெரியும் எனக்கு? வருஷத்துக்கு ரெண்டு தடவை சுத்தம் பண்ணிவிட்டேன். இன்னிக்குக் காலைல அவர் போன் பண்ணி, 'நீங்க எதுவும் சொல்லாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்'னார். அந்த மனுஷன் கடையை மூடுவார், ஆனா சொல்ல மாட்டார். எனக்கும் சொல்ல வாய் வரலை. அதான் இவங்களைக் கூப்பிட்டேன்."

குற்றவாளியே கூப்பிட்டுத் துப்பறியச் சொன்ன முதல் வழக்கு இது என்று வாலு மனதில் குறித்துக்கொண்டான்.

"மூணு வருஷம்" என்றார் நீதிபதி. "ஆயிரம் காலை. நான் பாத்த பொன்னு துப்பாக்கியில இல்லை. என் கண்ணுல இருந்திருக்கு."

மணி நாலடித்தது. நீதிபதி போனை எடுத்தார். எண்ணைச் சுற்றும்போது விரலில் இருந்த பசைக் காகிதமும் கூடவே சுற்றியது.

"நான்தான்யா பேசறேன். … புகாரா? கிழிச்சாச்சு. … எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அவளே சொல்லிட்டா." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் தீர்ப்பு ஒண்ணு தப்புன்னு இதுவரைக்கும் எந்த மேல் கோர்ட்டும் சொன்னதில்லை. இதுதான் முதல் தடவை. விசாரிக்காம உன்னைத் திருடன்னு எழுதினேன். மன்னிச்சுக்கோ. … இல்லை, நீ வரவேணாம். நாளைக்கு நான் கடைக்கு வரேன். உன் ஸ்டூல்ல உக்காந்து ஒரு டீ குடிக்கணும்."

மறுமுனையில் என்ன பதில் வந்ததென்று தெரியவில்லை. சிரிப்பொலி மட்டும் கேட்டது. அந்தப் பல்லை வாலு போனிலேயே பார்த்துவிட்டான்.

"அடுத்த வாரக் கண்காட்சியில வைக்கிற அட்டையில என்ன எழுதறது?" என்று மெல்லக் கேட்டார் டாக்டரம்மா. "போலிம்பாங்க."

நீதிபதி ஒரு காகிதத்தை இழுத்தார். சொல்லிக்கொண்டே எழுதினார். "'விசையும் நெம்புகளும் முதலில் வைக்கோல் நிறத்தில் இருந்தவை. பின்னர் என் மனைவியால் துலக்கப்பட்டவை.' எவன் என்ன கேக்கறான்னு பாத்துடறேன்." பேனாவை மூடினார். "அப்புறம் இன்னொண்ணு. கண் டாக்டருக்குப் போன் பண்ணி, இடது கண்ணு ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடு. அது இருக்கட்டும். காலைல காபிக்கு முன்னாடி எனக்கு அது வேணும்."

"அதெல்லாம் முடியாது. தேதி குறிச்சாச்சு."

"பாத்தீங்களா? என்னை இந்த வீட்டுல யாரும் எதுவும் கேக்கறதில்லை."

டாக்டரம்மா அன்று முதல் முறையாகச் சிரித்தார். உடனே ஏதோ நினைவுக்கு வந்தவராக நிறுத்தினார். "சுவரு வெளுத்துப்போச்சு, சட்டை வெளுத்துப்போச்சு, பாலு வெளுத்துப்போச்சுன்னு பட்டியல் போட்டீங்களே. சனிக்கிழமைலேர்ந்து என் தலைமுடியையும் அந்தக் கண்ணாலதானே பாக்கறீங்க? அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

முப்பது வருட அனுபவமுள்ள அந்த நீதிபதி, இரு தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்து, மெதுவாகத் தன் வலது கண்ணை மூடிக்கொண்டார்.

"தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது."

அண்ணி எழுந்தார். வாசல் வரை டாக்டரம்மா கூட வந்தார். வாலு ஸ்கூட்டரை உதைக்கப் போனவன், வழியனுப்ப வந்தவரைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தான். டாக்டரம்மாவின் கண்கள் காலையில் நின்ற அதே இடத்தில் வந்து நின்றன. இப்போது அவர் மனதில் பாரம் ஏதுமில்லை. கை சும்மா இருந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. பத்து நிமிஷ வேலைதான். எங்கே, ஆ காட்டுங்க."

முப்பத்தெட்டு வருடத்தில் அண்ணன், ஐந்து முதலாளிகள், அண்ணி என யாராலும் முடியாத காரியம் அப்போது நடந்தது. வாலு வாயை மூடினான்.